மைக்ரேன் தடுப்பு மருந்து தொடங்கியிருக்கிறீர்களா? இங்கிலாந்தில் தலைவலி நர்ஸின் தொடர் கவனிப்பைப் பெறும் வழி

இங்கிலாந்தில் மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலிக்குத் தடுப்பு மருந்து எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரி டாக்டரை மறுபடி பார்க்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை உங்களைக் கவனிப்பவர் தலைவலிப் பிரிவில் இருக்கும் சிறப்பு நர்ஸ். மருந்தின் அளவைக் கூட்டுவது, ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறொன்றுக்கு மாற்றுவது, மாத்திரைகள் பலன் தராவிட்டால் ஊசிக்குப் பரிந்துரைப்பது என முக்கியமான முடிவுகள் எல்லாம் அவருடன் நடக்கும் பதினைந்து, இருபது நிமிடப் பேச்சில்தான் உருவாகின்றன. இதை யாரும் உட்காரவைத்து விளக்குவதில்லை. எனக்கும் விளக்கவில்லை. கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தும், போனில் காத்திருந்தும்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களில் பலர் இரண்டாவது வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டு, "இந்த ஊர் மருந்து ஒத்துக்கலை" என்று தைலத்துக்கும் வலி மாத்திரைக்கும் திரும்பிவிடுகிறார்கள். சரியான நேரத்தில் நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களில் பலருக்கு அந்த மருந்தே பலன் கொடுத்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நோயாளி, மருத்துவர் இல்லை. கீழே வரும் மருந்து அளவுகள் எல்லாம் உங்களிடம் சொல்லப்படுவதைப் புரிந்துகொள்ள மட்டுமே. நடைமுறைகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சில மாறும்.

1. உங்களைப் பின்தொடரப்போவது யார் என்று முதல் நாளே கேளுங்கள்

தடுப்பு மருந்து இரண்டு வழிகளில் தொடங்கும். ஜிபியே (குடும்ப மருத்துவரே) தொடங்கினால், அடுத்த சந்திப்பைப் பெரும்பாலும் நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும். அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அந்தச் சந்திப்பு ஜிபியுடன் இருக்கலாம், கிளினிக்கில் உள்ள பார்மசிஸ்டுடனும் இருக்கலாம். ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் தொடங்கினால்தான் தலைவலி நர்ஸ் வருவார், அதுவும் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்குள் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இங்கே தலைவலி நர்ஸ் இருக்கிறாரா? அவருடைய போன் எண், மின்னஞ்சல் என்ன? முதல் தொடர் சந்திப்பு எத்தனை வாரத்தில், போனிலா நேரிலா? அளவைக் கூட்டும் மருந்துச் சீட்டை எழுதப்போவது ஆஸ்பத்திரியா, ஜிபியா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். அதைக் கேட்காமல் வந்தவர்கள்தான் பிறகு இரண்டு இடத்துக்கும் நடுவில் அலைகிறார்கள்.

நர்ஸின் எண் பெரும்பாலும் வாய்ஸ்மெயிலுக்குத்தான் போகும். முழுப் பெயர், பிறந்த தேதி, என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) எண், திரும்ப அழைக்க வேண்டிய எண், ஒரே வரியில் பிரச்சினை, இவ்வளவையும் நிதானமாகச் சொல்லுங்கள். நம் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்வது அவசியம். குடும்பப் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்பது பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் ஜிபி பதிவில் வேறு மாதிரியும் இருந்தால், செய்தி யாருடைய கோப்பில் சேர்வது என்று தெரியாமல் கிடக்கும்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

முதலாவது, ஊரில் எடுத்த மருந்துகளின் வரலாறு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எந்தெந்தத் தடுப்பு மருந்து எடுத்தீர்கள், அதிகபட்சம் எவ்வளவு மில்லிகிராம் வரை போனீர்கள், எத்தனை மாதம் எடுத்தீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் இங்கே யாருக்கும் புரியாது. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூல மருந்தின் பெயரை எழுதுங்கள். ஃப்ளூனரிசின், புரோப்ரானலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட், வால்புரோயேட் போன்றவைதான் ஊரில் பெரும்பாலும் தருவது. பழைய சீட்டுகள், டிஸ்சார்ஜ் சுருக்கம் எதுவாக இருந்தாலும் வீட்டாரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் இருக்கிறது. மைக்ரேனைத் தடுக்கும் புதிய வகையான சிஜிஆர்பி (CGRP) ஊசிகளை என்.எச்.எஸ். தருவதற்கு, எந்தச் சிகிச்சையை யாருக்குத் தரலாம் என்று வழிகாட்டும் நைஸ் (NICE) அமைப்பு விதித்திருக்கும் நிபந்தனை இதுதான்: மாதத்துக்கு 4 நாளுக்குக் குறையாமல் மைக்ரேன் இருக்க வேண்டும், குறைந்தது மூன்று தடுப்பு மருந்துகள் பலன் தராமல் போயிருக்க வேண்டும் அல்லது ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்க வேண்டும். ஊரில் முறையாக எடுத்துப் பார்த்துத் தோற்ற மருந்துக்குச் சான்று இருந்தால், அதையே இங்கே முதலிலிருந்து திரும்ப எடுக்க வேண்டிய நிலை வராமல் போகலாம். எது கணக்கில் சேரும் என்பதை நர்ஸும் டாக்டரும் முடிவு செய்யட்டும். நீங்கள் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

இரண்டாவது, மற்ற நோய்களின் பட்டியல். ஆஸ்துமா இருந்தால் புரோப்ரானலால் கூடாது. சிறுநீரகக் கல், மனச்சோர்வு, கண் அழுத்த நோய் இருந்தால் டோபிரமேட் தருவதற்கு முன் யோசிப்பார்கள். "சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, இப்ப இல்ல" என்பதையும் சொல்லுங்கள். கேண்டசார்டான் என்ற தடுப்பு மருந்து என்றால் ரத்த அழுத்தமும் சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள்.

மூன்றாவது, இப்போது எடுக்கும் எல்லாம். கருத்தடை மாத்திரை, சித்த மருந்து, லேகியம், தூக்கத்துக்கு எடுப்பது, கடையில் சீட்டில்லாமல் வாங்குவது என அத்தனையும்.

பெண்கள் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வலிக்கு முன் கண்ணில் ஒளிக்கோடு, வளைவு தெரியும் வகை மைக்ரேன் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும். அதை எடுப்பவர்கள் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். டோபிரமேட் வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. 2024 ஜூன் முதல், குழந்தை பெறும் வாய்ப்புள்ள பெண்களுக்கு அதைத் தர வேண்டுமானால் நம்பகமான கருத்தடை முறை இருக்க வேண்டும், தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும், அபாயம் புரிந்தது என்ற படிவத்தில் கையெழுத்திட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சில கருத்தடை மாத்திரைகளின் வேலையையும் டோபிரமேட் குறைக்கும். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மருந்துத் தேர்வே மாறிவிடும்.

3. தலைவலி டைரி: மருந்துக்கு முன்பே தொடங்க வேண்டியது

இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். மருந்து பலன் தருகிறதா என்பதை நர்ஸ் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார். முதல் மாத்திரைக்கு முந்தைய நிலவரம் எழுதப்படவில்லை என்றால், பிறகு எதோடு ஒப்பிடுவது? குறைந்தது 8 வாரம் டைரி எழுத வேண்டும் என்று நைஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. பரிந்துரைக் கடிதம் போன நாளிலிருந்தே எழுதினால், காத்திருக்கும் காலம் வீணாகாது.

ஆப் எதுவும் கட்டாயமில்லை. சமையலறையில் மாட்டிய காலண்டரே போதும். ஒவ்வொரு நாளும் இவற்றைக் குறியுங்கள்: வலி இருந்ததா, கடுமை எவ்வளவு (0 முதல் 10), எத்தனை மணி நேரம், குமட்டலோ வெளிச்சம் தாங்காமையோ இருந்ததா, என்ன மாத்திரை எத்தனை எடுத்தீர்கள், மாதவிடாய் நாளா.

நம் ஆட்கள் பெரும்பாலோர் தடுமாறுவது லேசான வலியைக் கணக்கில் சேர்க்காததில்தான். "தலை கொஞ்சம் கனமா இருந்துச்சு, வேலை பார்த்துட்டேன்" என்றால் அது தலைவலி நாள். படுக்கையில் விழுந்த நாளை மட்டும் குறித்தால் மாதம் 6 என்று வரும். உண்மையில் அது 20 ஆக இருக்கும். நர்ஸ்கள் பெரும்பாலும் கேள்வியைத் திருப்பிப் போடுவார்கள்: மாதத்தில் எத்தனை நாள் தலையில் எந்த வலியும், எந்தக் கனமும் இல்லாமல் முழுத் தெளிவாக இருந்தீர்கள்? அந்தத் தெளிவான நாள்களையும் ஒரு குறியிட்டு எண்ணி வையுங்கள். மாதம் 15 நாளுக்குக் குறையாமல் தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட மைக்ரேன் என்று வகைப்படும். அதன் சிகிச்சை விதிகள் வேறு. உங்கள் எண்ணிக்கை தவறினால் வகையே தவறிவிடும்.

வலி மாத்திரை எடுத்த நாள்களின் எண்ணிக்கையும் அதே அளவுக்கு முக்கியம். பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேன் வரும்போது எடுக்கும் சுமாட்ரிப்டான் வகையையும் கோடீன் கலந்தவற்றையும் பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரைகளையும் மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் அந்த மாத்திரைகளே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும். அந்த நிலையில் தடுப்பு மருந்தும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஊரிலிருந்து பெட்டியில் வந்த சாரிடான் கலவை மாத்திரைதான், கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் கோகோடமாலும் கலவைதான். இரண்டையும் எழுதுங்கள். நர்ஸ் திட்ட மாட்டார். அந்த எண்ணைக் குறைப்பதற்கு உதவுவது அவர் வேலையின் பெரும்பகுதி.

சந்திப்புக்கு முன் ஹிட்-6, மிடாஸ் என்ற கேள்வித்தாள்கள் தபாலிலோ, போனுக்குக் குறுஞ்செய்தி இணைப்பாகவோ வரலாம். ஹிட்-6 வலியின் தாக்கத்தை அளப்பது, மிடாஸ் கடந்த மூன்று மாதத்தில் இழந்த நாள்களைக் கேட்பது. மிடாஸில் வீட்டு வேலைக்குத் தனிக் கேள்வி உண்டு. சமைக்க முடியாமல் போன நாள், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேறொருவரைக் கெஞ்சிய நாள் எல்லாம் அதில் சேரும். சம்பள வேலை இல்லாத பெண்கள் அங்கே பூஜ்யம் போட வேண்டாம்.

4. செலவு

நர்ஸைப் பார்க்கவோ பேசவோ கட்டணம் இல்லை. விசாவோடு சுகாதாரக் கூடுதல் கட்டணம் கட்டி வந்தவர்களுக்கும் அப்படியே. ஆனால் அந்தக் கட்டணம் மருந்துச் சீட்டுக்குச் செல்லாது. 2025 நிலவரப்படி இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. ஒரே மருந்தையே இரண்டு வெவ்வேறு மில்லிகிராம் மாத்திரைகளாகத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதினால் இரண்டு கட்டணம் கேட்கக்கூடும். அளவைப் படிப்படியாகக் கூட்டும் மாதங்களில் இது சேர்ந்துகொண்டே போகும். "சின்ன அளவு மாத்திரையாகவே கூடுதலாக எழுதுங்கள்" என்று நர்ஸிடமோ ஜிபியிடமோ கேட்கலாம்.

மருந்துச் சீட்டுக் கட்டணத்தை மொத்தமாக முன்பே கட்டிவிடும் முன்பணச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது: 2025 நிலவரப்படி 12 மாதத்துக்கு 114.50 பவுண்டு, 3 மாதத்துக்கு 32.05 பவுண்டு. ஆண்டுக்கு 12 மருந்து அல்லது மூன்று மாதத்துக்கு 4 மருந்து வாங்குவதாக இருந்தாலே லாபம். தடுப்பு மருந்து, சுமாட்ரிப்டான், குமட்டல் மாத்திரை என்று சேர்ந்தாலே அந்தக் கணக்கு தாண்டிவிடும். 12 மாதச் சான்றிதழை 10 தவணையாகவும் கட்டலாம். முதல் சீட்டை வாங்குவதற்கு முன்பே என்.எச்.எஸ். இணையதளத்தில் எடுத்துவிடுங்கள்.

60 வயதும் அதற்கு மேலும், 16 வயதுக்குக் கீழ், முழுநேரம் படிக்கும் 18 வயது வரை, கர்ப்பிணிகள், குழந்தை பிறந்து 12 மாதம் வரை உள்ள தாய்மார்கள் ஆகியோருக்கு மருந்துச் சீட்டு இலவசம். கர்ப்பிணிகளும் தாய்மார்களும் அதற்கான மகப்பேறு விலக்குச் சான்றிதழை எடுத்திருக்க வேண்டும். குறைந்த வருமானமென்றால் எச்.சி.1 (HC1) படிவம் நிரப்பிப் பாருங்கள். தகுதி இல்லாமல் இலவசக் கட்டத்தில் கையெழுத்திட்டால் பின்னால் அபராதக் கடிதம் வரும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் எல்லோருக்குமே இலவசம்.

பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்குத் தலைவலி என்றால் நிலைமை வேறு. ஜிபியைப் பார்ப்பது இலவசம், ஆஸ்பத்திரிச் சிறப்புப் பிரிவுக்குக் கட்டணம் உண்டு, அது என்.எச்.எஸ். கட்டணத்தின் ஒன்றரை மடங்கு வரை போகும். அவர்களுக்கு ஊரில் எடுக்கும் மருந்தையே போதுமான அளவு கொண்டுவரச் சொல்வது நல்லது.

5. முதல் 12 வாரங்கள்

தடுப்பு மருந்து வலியை அன்றே நிறுத்தாது. சரியான அளவை எட்டிய பிறகு 8 முதல் 12 வாரம் கழித்துத்தான் பலனை மதிப்பிடுவார்கள். அந்த அளவை எட்டவே சில வாரம் ஆகும். அமிட்ரிப்டிலின் இரவு 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏறும். டோபிரமேட் 25 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு 25 வீதம் கூடி, பெரும்பாலும் ஒரு நாளைக்கு 100 வரை போகும். முதல் இரண்டு வாரத்தில் நீங்கள் சந்திப்பது பக்கவிளைவை மட்டும்தான், பலன் பிறகு வரும். பலரும் மருந்தைக் கைவிடும் இடம் இதுதான். நர்ஸின் தேவை மிக அதிகமாக இருப்பதும் இங்கேதான்.

அமிட்ரிப்டிலின் எடுத்தால் வாய் வறளும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். படுப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். கலக்கம் இருக்கும்போது வண்டி ஓட்டக் கூடாது. டோபிரமேட்டில் விரல் நுனி மரத்துப்போவது, சொல் சட்டென்று வாயில் வராமல் தடுமாறுவது, பசி குறைவது எல்லாம் நடக்கும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அதோடு மனநிலை இருண்டுபோவதாகத் தோன்றினால் அடுத்த சந்திப்புவரை பொறுக்க வேண்டாம், அன்றே சொல்லுங்கள். புரோப்ரானலாலில் கை கால் சில்லிடும், சோர்வு வரும். கேண்டசார்டானில் எழுந்தால் தலை சுற்றலாம்.

தாங்க முடியவில்லை என்றால் நர்ஸின் வாய்ஸ்மெயிலில் சொல்லுங்கள். அவரிடம் பல வழிகள் இருக்கும்: அளவைக் கூட்டும் வேகத்தைக் குறைப்பது, ஒரு படி இறங்கி நிற்பது, எடுக்கும் நேரத்தை மாற்றுவது, வேறு மருந்துக்குப் போவது. நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். புரோப்ரானலாலையும் டோபிரமேட்டையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சொல்லாமல் நிறுத்தினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. இரண்டு வாரத்தில் நீங்களே கைவிட்ட மருந்தைத் தோற்ற மருந்தாகப் பதிவதற்கு ஆதாரம் இருக்காது. ஒத்துக்கொள்ளவில்லை என்று நர்ஸின் குறிப்பில் ஏறியிருந்தால் ஊசிக்குத் தேவையான அந்த மூன்று தோற்ற மருந்துகளில் அது ஒன்றாகும்.

6. நர்ஸ் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாத நேரம்

இடி விழுந்ததுபோல் நொடிகளில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், முகம் கோணுதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, முகம் உதடு வீங்கி மூச்சுத் திணறல்: 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். டோபிரமேட் எடுக்கையில் கண் வலித்துச் சிவந்து பார்வை மங்கினால் அன்றே அவசரப் பிரிவு. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 111 (என்.எச்.எஸ். ஆலோசனை எண்). வாய்ஸ்மெயிலை யாராவது கேட்பதற்குள் வேலை நாள் இரண்டு, மூன்று போய்விடலாம்.

7. அந்தப் போன் அழைப்பு

கடிதத்தில் தேதியும் நேரமும் இருக்கும். ஆனால் அழைப்பு முன்னே பின்னே வரும். ஆஸ்பத்திரி அழைப்புகள் பல எண் காட்டாமலே வரும். மோசடி அழைப்புக்குப் பயந்து தெரியாத எண்ணை எடுக்காத பழக்கம் நமக்கு உண்டு, ஐபோனில் தெரியாத அழைப்புகளை அமைதியாக்கும் வசதியும் உண்டு. அன்று அதை அணைத்துவையுங்கள். எடுக்காவிட்டால் இரண்டாவது முறை முயல்வார்கள், அதற்குப் பிறகு 'வரவில்லை' என்று பதிவாகி, உங்களை ஜிபியிடமே திருப்பி அனுப்பிவிடலாம். மறுபடி வரிசையின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். சிம் மாற்றியவர்கள் புது எண்ணை ஜிபியிடமும் ஆஸ்பத்திரியிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

வேலை இடத்தில் முன்கூட்டியே சொல்லி ஒரு தனி அறையைப் பிடித்துவையுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது.

ஆங்கிலத்தில் முழுதாகச் சொல்லத் தயக்கம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கட்டணம் இல்லை. போனிலேயே மூவராகப் பேச இணைப்பார்கள். சந்திப்புத் தேதி வந்தவுடன் கேட்டுவிட வேண்டும், அன்று காலையில் கேட்டால் கிடைக்காது. கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நர்ஸ் கருத்தடை பற்றிக் கேட்பார், மனச்சோர்வு பற்றிக் கேட்பார், தற்கொலை எண்ணம் வருகிறதா என்றும் கேட்கலாம். பத்து வயது மகன் நடுவில் நின்றால் எந்தத் தாய் உண்மையைச் சொல்வாள்? மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அதே நிலைதான். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

"எப்படி இருக்கீங்க?" என்று நர்ஸ் தொடங்குவார். மரியாதைக்குப் "பரவாயில்லை, நல்லா இருக்கேன்" என்று நாம் சொல்வோம். அந்த வார்த்தை அப்படியே குறிப்பில் ஏறும். அதற்குப் பதில் தாளைப் பார்த்து எண்களில் தொடங்குங்கள். இப்படி:

"மருந்துக்கு முந்தைய மாதம் 14 நாள் தலைவலி, அதில் 9 நாள் கடுமை, 11 நாள் வலி மாத்திரை எடுத்தேன். போன மாதம் 10 நாள், கடுமை 5, வலி மாத்திரை 6. இப்போது இரவு அமிட்ரிப்டிலின் 30 மில்லிகிராமில் இருக்கிறேன். காலை ஒன்பது மணிவரை கலக்கம் இருக்கிறது. எடை கூடியிருக்கிறது."

இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மீதி நேரம் முழுவதும் முடிவெடுக்கப் பயன்படும். வைக்கும் முன் நீங்கள் கேட்க வேண்டியவை: அடுத்த அளவு என்ன, எந்தத் தேதியிலிருந்து? சீட்டை யார் எழுதுவார்? இது பலன் தராவிட்டால் அடுத்தது என்ன? அடுத்த அழைப்பு எப்போது? வலி வரும் நாளில் எதை, மாதம் எத்தனை நாள்வரை எடுக்கலாம்? பதில்களைத் திரும்பச் சொல்லிக் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வேலைக்கு மருத்துவச் சான்று தேவைப்பட்டால் அதே அழைப்பில் கேளுங்கள். 2022 ஜூலை முதல் நர்ஸ்களும் அதில் கையெழுத்திடலாம். முதல் 7 நாள் விடுப்புக்குச் சான்று வேண்டியதில்லை, நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும்.

8. பேசியது மாத்திரையாக மாறும்வரை

நர்ஸ் சொன்னவுடன் பார்மசியில் மருந்து இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நர்ஸ் கடிதம் எழுதுவார், அது தட்டச்சாகி ஜிபிக்குப் போகும், ஜிபி கிளினிக்கில் ஒருவர் படித்து உங்கள் மருந்துப் பட்டியலை மாற்றுவார், அதன் பிறகுதான் சீட்டு. இதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். இந்த இடைவெளியில் மருந்து தீர்ந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. கையில் இரண்டு வார மருந்து மிச்சம் இருக்கும்போதே அசையத் தொடங்குங்கள்.

கடிதத்தின் நகல் உங்களுக்கும் வர வேண்டும் என்று கேளுங்கள். என்.எச்.எஸ். ஆப்பிலும் தெரியலாம். வந்தவுடன் அதில் உள்ள மருந்துப் பெயர், அளவு, தேதி ஆகியவற்றை உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். பிறகு ஜிபி ரிசப்ஷனுக்குப் போன் செய்து, "இந்தத் தேதிக் கடிதம் வந்துவிட்டதா, அளவு மாற்றப்பட்டதா" என்று கேளுங்கள். புதிய அளவு ஒருமுறைச் சீட்டாக வந்து, தொடர்ந்து வாங்கும் பட்டியலில் பழைய அளவே நிற்பது அடிக்கடி நடக்கும். அடுத்த மாதம் பார்க்காமல் வாங்கினால் பழைய அளவுக்கே இறங்கிவிடுவீர்கள். பையை வாங்கியவுடன் அட்டையைப் பாருங்கள்.

9. ஊசிக் கட்டம்

மூன்று மருந்தும் பலன் தராதபோது சிஜிஆர்பி ஊசி பற்றிப் பேச்சு வரும். எரினுமேப், ஃப்ரிமனெசுமேப், கல்கனெசுமேப் ஆகியவற்றை வீட்டில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். எப்டினெசுமேப் மட்டும் ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றப்படும். அடோஜிபன்ட் என்ற தினசரி மாத்திரையும் 2024 மே மாதம் இதே தகுதி நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்டது.

இங்கே டைரி மறுபடி தலைவிதியை எழுதும். 12 வாரம் கழித்து, மாதம் 15 நாளுக்குக் குறைவான தலைவலி உள்ளவர்களுக்கு மைக்ரேன் நாள்கள் பாதியாகவாவது குறைந்திருக்க வேண்டும். நாள்பட்ட மைக்ரேன் என்றால் 30 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். மாதம் 20 நாள் 14 ஆனால் தொடரும், 16 ஆனால் நிற்கும். எண்ணிக்கை இல்லாமல் "கொஞ்சம் பரவாயில்லை" என்று சொன்னால் நர்ஸ் விரும்பினாலும் தொடர முடியாது. நாள்பட்ட மைக்ரேனுக்குத் தரும் போடாக்ஸ் ஊசியைப் பல இடங்களில் நர்ஸே போடுகிறார், 12 வாரத்துக்கு ஒருமுறை. அதை இரண்டு சுற்று முடிந்து மதிப்பிடுவார்கள்.

வீட்டு ஊசி என்றால் ஆஸ்பத்திரிக்காக ஒரு டெலிவரி நிறுவனம் மருந்தைக் கொண்டுவரும். அதற்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டால்தான் எதுவும் நகரும். படிவம் வந்த அன்றே திருப்பி அனுப்புங்கள். நாள் குறிக்க அவர்களும் போன் செய்வார்கள். அந்த நாளில் வீட்டில் ஒருவர் இருந்து வாங்க வேண்டும். வாங்கியதும் 2 முதல் 8 டிகிரியில், அதாவது ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் பயன்படுத்தக் கூடாது. போடுவதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுத்து வையுங்கள். முதல் ஊசியைப் போடும்போது நர்ஸ் நேரிலோ வீடியோவிலோ சொல்லித் தருவார். கை நடுங்கும் என்று தெரிந்தால் நேரில்தான் வேண்டும் என்று கேளுங்கள். போட்ட பேனாவைக் குப்பையில் போடாமல், கொடுக்கப்படும் மஞ்சள் டப்பாவில் போட வேண்டும். எரினுமேப்பில் மலச்சிக்கல் கடுமையாகலாம், வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஊருக்குப் போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே நர்ஸிடம் தேதிகளைச் சொல்லுங்கள். டெலிவரியை முன்னே தள்ளவும், விமான நிலையத்தில் காட்டக் கடிதம் எழுதவும் அவருக்கு நேரம் வேண்டும். ஊசியைக் கைப்பையில், குளிர்ப் பையில் வைத்துக் கொண்டுபோங்கள், சரக்குப் பெட்டியில் போட வேண்டாம்.

10. 'தேவையென்றால் அழையுங்கள்' பட்டியல்

மருந்து பலன் தந்து நிலைமை சீரானதும், நர்ஸ் உங்களை நோயாளியே தொடங்கும் தொடர் சந்திப்பு முறைக்கு மாற்றலாம். கடிதத்தில் பிஐஎஃப்யூ என்று இருக்கும். அடுத்த தேதி எதுவும் தர மாட்டார்கள். தேவைப்பட்டால் நீங்கள் அழைக்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு ஒரு காலக்கெடு உண்டு. அதற்குள் அழைக்காவிட்டால் பதிவு தானாக மூடப்படும், பிறகு வலி திரும்பினால் ஜிபி பரிந்துரையிலிருந்து எல்லாமே புதிதாக. முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன் டைரியைப் பாருங்கள். வலி நாள்கள் கூடியிருந்தால் அப்போதே அழையுங்கள்.

மாத்திரையை எத்தனை காலம் எடுப்பது என்ற கேள்வியை 6 மாதத்தில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது நைஸ் வழிகாட்டுதல். யாரும் கூப்பிடாவிட்டால் ஜிபியிடம் நீங்களே கேளுங்கள். நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தாமல், குறைக்கும் அட்டவணையை எழுதி வாங்குங்கள்.

வீடு மாறி வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால், ஊசி எடுப்பவர்கள் முகவரி மாற்றத்தோடு விட்டுவிட முடியாது. புது ஊர் ஆஸ்பத்திரி உங்களை ஏற்றுக்கொள்ள மாதங்கள் ஆகலாம். கிளம்பும் முன் பழைய நர்ஸிடம் மாற்றல் கடிதம் கேளுங்கள். அதில் மருந்துக்கு முந்தைய தலைவலி நாள்கள், 12 வார மதிப்பீட்டின் எண், தோற்ற மருந்துகளின் பட்டியல் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். புது இடம் ஏற்கும்வரை டெலிவரியைப் பழைய ஆஸ்பத்திரியே தொடர முடியுமா என்றும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.